காட்டுத்தீக்குப் பிறகு மலைப்பாதையில் பைக்கும் கேமராவும்: யாரும் எனக்குச் சொல்லாதவை

காட்டுத்தீ எரிந்து முடிந்த மலைக்குப் பைக்கில் போகலாமா என்று தேடினால் கிடைக்கிற அறிவுரை எல்லாமே தீயைப் பற்றியதுதான். தீ முழுசாக அணைந்ததா பார், சாலையைத் திறந்துவிட்டார்களா பார், புகை எவ்வளவு இருக்கிறது பார். அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். தீ அணைந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது, தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், வானமும் பளிச்சென்று இருந்தது. அப்படியும் ஒரு ராத்திரி முழுக்க மலை நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல், தனியாக மாட்டிக்கொண்டேன். வண்டிக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு நல்ல லென்ஸ் வாங்கும் அளவுக்கு வந்தது. ஒரே வரியில் சொல்வதென்றால், தீக்குப் பிறகு அந்த மலையில் பயப்பட வேண்டியது மழைக்கு. இதைச் சொல்ல அன்று ஒருத்தரும் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எரிந்த காட்டில் படமெடுக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. இலை இருந்தவரை மறைந்திருந்த ஓடைகள், பாறை மடிப்புகள், சாலை சுற்றிச் சுற்றி ஏறும் விதம் எல்லாம் ஒரே பார்வையில் விழும். கரிய மரத்தண்டுகளுக்கு இடையில் காலை வெயில் சாய்வாக இறங்கும்போது வேறெந்தக் காட்டிலும் கிடைக்காத கோடுகள் கிடைக்கும். ஆனால் வண்டி ஓட்டும்போது முதல் வில்லங்கமும் இதேதான். காடு பச்சையாக இருந்த காலத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று தெரியாது, அதனால் அடக்கி ஓட்டுவோம். இப்போது மேலே பல வளைவு தாண்டி வருகிற லாரிகூட தண்டுகளுக்கு ஊடாகத் தெரிகிறது. பார்வை அங்கே ஓடுகிறது, பாதை காலி என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது, கை தானாக ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறது. சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் கிடக்கிற கல்லை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கல் சும்மா வந்து கிடப்பதில்லை. சரிவில் கற்களைப் பிடித்து வைத்திருப்பது புல்லும் புதரும் சின்ன வேர்களும்தான். அவை எரிந்துபோனதும் பிடி விட்டுவிடுகிறது. காற்றே இல்லாத மத்தியானத்திலும் பொலபொலவென்று சரளை இறங்கிக்கொண்டே இருந்ததைக் காதால் கேட்டேன். தீயின் சூட்டில் பாறையே பொரிந்து சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுவதும் உண்டு. மலை மூக்கைச் சுற்றித் திரும்புகிற வளைவுகளில் சரிவு உள்பக்கம் இருக்கும், ஆகவே சரளை உள்பக்கத்தில் குவிந்திருக்கும். வழக்கமாக வண்டியைச் சாய்த்து அணைத்து எடுக்கிற இடம் அதுதான். ஓடையை ஒட்டி உள்ளே போய்த் திரும்புகிற வளைவுகளில் சாலை முழுக்கவே மண் பரவியிருக்கலாம். இரண்டு இடத்திலும் வண்டியைச் சாய்க்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தன் பக்கத்தின் நடுவை ஒட்டி நிமிர்ந்தபடி எடுப்பதுதான் எனக்குச் சரிவந்தது. வளைந்து நெளிந்து ஓட்டுகிற சுகத்துக்காகப் போகிறவர்கள் வேறு மலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பையும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அதைத் தாங்கும் கட்டைகள் மரத்தால் ஆனவை. கட்டை எரிந்து போய், தகடு மட்டும் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். விரலால் தள்ளினாலே ஆடியது. கொண்டை ஊசி வளைவை முன்கூட்டிக் காட்டும் பலகைகள் கருகிவிட்டன, இரவில் மின்னுகிற பிளாஸ்டிக் வில்லைகள் உருகி வழிந்திருந்தன. எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சாலைக்கு அடியில் இருக்கிறது. ஓடைத் தண்ணீர் கடக்கப் போட்ட குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவும் எரிந்துவிடும், மேலே தார் அப்படியே இருக்கும், கீழே வெற்றிடம். சிறுபாலம் இருக்கிற இடத்தில் தார் லேசாகப் பள்ளம் வாங்கியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ நின்று, இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். விமானத்திலிருந்து கொட்டிய சிவப்பு நிறத் தீத்தடுப்புக் கரைசலின் கறை சாலையில் தெரிந்தால் அதுவும் ஈரத்தில் வழுக்கும்.

படம் எடுப்பதற்காக நின்ற முதல் இடத்திலேயே வண்டி விழுந்தது. சாலையோரம் சமதளமாக, வெள்ளைச் சாம்பல் மெல்லப் படிந்து, நிறுத்துவதற்கென்றே செய்த மாதிரி ஓர் இடம். சைடு ஸ்டாண்டைப் போட்டேன், வண்டி நின்றது. கேமராப் பையைத் திறக்கக் குனிந்தபோது பின்னால் 'பொத்' என்று சத்தம். ஸ்டாண்டின் நுனி சாம்பல் மேலோட்டை உடைத்துக்கொண்டு முழங்கால் ஆழக் குழி ஒன்றுக்குள் இறங்கியிருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தால், எரிந்துபோன மரவேரின் வடிவத்தில் ஒரு சுரங்கம், அதன் உள்சுவரில் இன்னமும் சூடு. அடிமரம் எரிந்து முடிந்தாலும் வேர் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அங்கே என் கால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. கிளட்ச் லீவர் வளைந்தது, கண்ணாடி உடைந்தது, தனி ஆளாக வண்டியை நிமிர்த்துவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தாரை விட்டு ஒரு சாண்கூட வண்டியை இறக்கவில்லை. நேர்ச்சாலையில், இருபக்கமும் தூரத்திலிருந்தே வண்டி தெரிகிற இடத்தில், தார் மேலேயே ஓரம்கட்டி நிறுத்துங்கள். நிறுத்துமுன் தலையைத் தூக்கிப் பாருங்கள். கருகிய மரங்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாயும். காற்று அடிக்கிற நாளில் அவற்றுக்குக் கீழே முக்காலி போட்டு நிற்பது வேண்டாத வேலை.

கேமரா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காட்சியையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டத்தான் கேமராவின் வெளிச்ச அளவீடு முயலும். கருகிய சரிவைக் காட்டினால் அதை வெளுக்க வைக்கும், கரி பூத்த கறுப்பு போய் ஏதோ அழுக்குச் சாம்பல் நிறம் வரும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தபோதுதான் கண்ணால் பார்த்த கறுப்பு வந்தது. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் புகை கலந்த அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைத் திருத்தித் தொலைத்துவிடும், பகல் வெளிச்சத்தில் பூட்டிவிடுங்கள். ஒரே மாதிரிக் கறுப்பாக இருக்கும் தண்டுகளில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், கையால் திருப்புவதே மேல். எங்காவது புகைந்துகொண்டிருந்தால் இரவில் அது பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும், வெயில் ஏறி காற்று கிளம்பிய பிறகுதான் கலையும். விடியலில் அடுக்கடுக்கான மலைகள் வேண்டுமென்றால் அந்தப் புகை உதவும், தூரத்துக் காட்சி வேண்டுமென்றால் கெடுக்கும். தீயணைப்பு விமானங்கள் பறக்கிற பகுதியில் ட்ரோனை வெளியே எடுக்கவே கூடாது. ஒரு ட்ரோன் தெரிந்தாலே விமானங்களைத் தரையிறக்க வேண்டிவரும். லென்ஸ் மாற்றுவது அதைவிடச் சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குப் பணம் போனது அதில்தான். அந்த மலையில் காற்று அசையாதபோதும் சாம்பல் மிதந்துகொண்டிருக்கிறது, லென்ஸைக் கழற்றினால் கேமராவுக்குள் போய்விடும். ஒரு ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு கீழே இறங்கும்வரை கழற்றாமல் இருங்கள்.

இனி மழைக்கு வருகிறேன். நான் நின்ற இடத்தில் வெயில்தான். மேலே முகட்டில் மட்டும் ஒரு மேகம் கறுத்து, கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போனது. என் ஜாக்கெட்டில் பத்துச் சொட்டு விழுந்திருந்தால் அதிகம். அப்பாடா, தூசி அடங்கும், நல்ல வெளிச்சம் வரும் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே எங்கோ லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த ஓடை வழியாக, தண்ணீர் என்று சொல்ல முடியாத ஒன்று இறங்கி வந்தது. கெட்டியான கறுப்புக் குழம்பு, அதன் முகப்பில் பாறைகளும் எரிந்த மரத்துண்டுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு முன்னேறின. சாலையைக் கடந்து அந்தப் பக்கப் பள்ளத்தில் கொட்டியது. திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பி ஓட்டினால், கொஞ்ச தூரத்தில் நான் கடந்து வந்த இன்னொரு ஓடையிலும் அதே கதை.

எரிந்த மண் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இலைச்சருகிலும் மட்கிலும் மெழுகுத்தன்மை கொண்ட பொருள்கள் இருக்கின்றன. தீயில் அவை ஆவியாகி, ஒரு பகுதி கீழே இறங்கி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து மண்துகள்கள் மேல் படிந்துவிடுகின்றன. அந்த அடுக்கில் தண்ணீர் இறங்காது. மேலே தளர்ந்த சாம்பலும் மண்ணும், கீழே நீர் ஒட்டாத அடுக்கு, இலையும் வேரும் இல்லாத செங்குத்துச் சரிவு. பெய்கிற மழை மொத்தமும் வழிந்தோடி, வழியில் கிடைப்பதை எல்லாம் வாரிக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. இதற்கு நாள்கணக்கில் மழை பெய்து மண் ஊற வேண்டிய அவசியமே இல்லை. தென் கலிபோர்னியாவில் அரை மணி நேரத்தில் 7 மில்லிமீட்டர் மழைக்கே எரிந்த சரிவுகளில் சேறும் கல்லுமாக இறங்கியிருக்கிறது. அங்கே மான்டெசிட்டோவில் நடந்ததுதான் எல்லோரும் சொல்லும் உதாரணம். 2017 டிசம்பரில் தாமஸ் தீ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ மலையை எரித்தது. 2018 ஜனவரி 9 விடிவதற்கு முன் பெய்த சிறிது நேரக் கனமழையில் மலையிலிருந்து இறங்கிய சேற்றுப் பெருக்கில் 23 பேர் இறந்தார்கள், 101 நெடுஞ்சாலை ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. எரிந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகு செத்த வேர்கள் மட்கிப்போய், சில ஆண்டுகள் கழித்து வேறு வகை மண்சரிவு வருவதும் உண்டு.

அந்த நேரத்தில் இதெல்லாம் தெரியாது. தெரிந்தது பயம் மட்டும்தான். ஃபோனை எடுத்தால் சிக்னல் இல்லை, மேலே முகட்டிலிருந்த டவரும் தீயில் போயிருந்தது. வண்டியை ஓடைக்கு அருகில் இருக்கும் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு அங்கேயே காத்திருக்கலாம் என்றுதான் முதலில் கை போனது. சத்தம்தான் என்னைத் தடுத்தது. இரண்டு ஓடைகளுக்கும் நடுவில் மலை புடைத்து நிற்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டி, மேலே சரிவில் பெரிய பாறையோ சாயும் மரமோ இல்லாத ஓரிடத்தில் நிறுத்தினேன். செய்தது சரி என்று பிறகு தெரிந்தது. சேற்றுப் பெருக்கு பள்ளம் பார்த்துத்தான் வரும், புடைத்த பகுதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒரு தடவை வந்ததோடு நிற்கவும் நிற்காது. பொழுது சாய்ந்த பிறகு வந்த இரண்டாவது அலை முதலாவதைவிடப் பெரியது. வடிந்துவிட்டதே, தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று இடையில் ஒரு தடவை சேற்றில் இறங்கிப் பார்த்தேன், பூட்ஸ் முழுகியதும் ஏறிவிட்டேன். அந்த ஈரச் சாம்பல் பூட்ஸுக்குள்ளேயே தங்கியது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் தோலை அரிக்கும் காரம் (ஆல்கலி), சோப்புக் காய்ச்சக்கூட அந்தச் சாம்பல் நீரைப் பயன்படுத்துவார்கள். காலையில் கணுக்காலைச் சுற்றித் தோல் சிவந்து வெந்திருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அதைக் கழுவச் செலவழித்தேன்.

ராத்திரி தூங்கவில்லை. மரம் விழும் சத்தம், கல் உருளும் சத்தம், நடுவில் எதுவுமே கேட்காத நேரம். அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதேன். வீட்டில் எத்தனை மணிக்கு என்னைத் தேட ஆரம்பிப்பார்கள், எந்தச் சாலை என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை மணிக்குள் செய்தி வரவில்லை என்றால் இந்தச் சாலையில் தேடச் சொல்லுங்கள் என்று கிளம்புமுன் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வசதி இருந்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எரிந்த மலையில் ஃபோனை நம்புவதற்கில்லை.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு ஜேசிபி சத்தம் கேட்டது. அதை ஓட்டி வந்தவர் என்னைப் பார்த்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டார். "ராத்திரி முழுக்க இங்கயேவா இருந்தீங்க தம்பி?"

"ஆமாண்ணே. நேத்தே வடிஞ்ச மாதிரி இருந்துச்சு, தாண்டிடலாமான்னு பார்த்தேன்."

"தாண்டிடலாமாவா? கொஞ்சம் நில்லுங்க, காட்டுறேன்" என்றவர் சேற்றை வாரி ஒதுக்கினார். அடியில் சாலை பாதிதான் இருந்தது. மீதிப் பாதி சிறுபாலத்தோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. மேலே பரவியிருந்த சேறு அதைச் சமதளமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த ஓரத்தில் அவர் சொன்னபடி வண்டியை உருட்டிக் கடந்தேன். கீழே வந்த பிறகுதான் செலவுக் கணக்கு தொடங்கியது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் சாம்பல் ஒரு கைப்பிடி கொட்டியது, நல்லவேளை ஃபில்டர் தன் வேலையைச் செய்திருந்தது. ரேடியேட்டர் இடுக்குகள் அடைத்துக்கொண்டதால்தான் இறங்கும்போது ஃபேன் ஓயாமல் ஓடியிருக்கிறது. செயினில் எண்ணெயோடு சாம்பல் கலந்து அரைக்கிற பசையாகி, செயினையும் பல்சக்கரத்தையும் காலத்துக்கு முன்பே மாற்ற வைத்தது. அப்படிப் போகிறவர்கள் போவதற்கு முந்தின நாள் செயினுக்கு எண்ணெய் விட வேண்டாம், அல்லது மெழுகு வகையைப் போடுங்கள். திரும்பியதும் அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அலுமினியத்தில் ஈரச் சாம்பல் தங்கினால் அரிக்கும். துணியால் துடைக்கவே கூடாது, பெயின்ட் முழுக்கக் கீறல் விழும். ஹெல்மெட் வைசரை அப்படித் துடைத்துத்தான் அது குப்பைக்குப் போனது. எதிர்வெயிலில் அந்தக் கீறல்கள் வழியாக ஒன்றும் தெரியவில்லை. கேமராவின் சென்சாரில் ஒட்டிய சாம்பல், தூசியை ஊதித் தள்ளும் ரப்பர் பந்துக்கு அசையவில்லை, சர்வீஸுக்குக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருந்தேன். தொண்டை எரிச்சல் அடங்கவும் நாளானது. கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் தடுக்கும். அதுவும் நச்சு வாயுவைத் தடுக்காது என்பதால் புகை வருகிற குழி அருகே நிற்க வேண்டாம்.

இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்டது, மூடிய சாலைக்குள் போனீர்களா என்பதைத்தான். மலை அடிவாரத்தில் 'சாலை திறந்துள்ளது' என்ற அறிவிப்புப் பலகையைச் சும்மா ஒரு படம் எடுத்திருந்தேன், தேதியும் நேரமும் படத்திலேயே பதிவாகியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்குக் காசு வாங்கித் தந்த ஒரே படம் அதுதான். மூடியிருக்கும்போது தடுப்பைச் சுற்றி நுழைகிறவர்களுக்கு அபராதத்தோடு இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம், பாலிசியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மறுபடி போவேனா என்றால், போவேன், ஆனால் நாள் பார்த்து. அடிவாரத்து ஊரின் வானிலையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, முகட்டுக்கான முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். மழை மேகம் மதியத்துக்கு மேல் கட்டுகிற பருவமாக இருந்தால் விடியலில் ஏறி, உச்சிப்பொழுதுக்குள் கீழே இருக்க வேண்டும். ஓடைக்கு ஓடை இடையில் எவ்வளவு தூரம், எங்கே புடைத்த இடம் என்று ஏறும்போதே குறித்துக்கொள்வேன். சாலைப் பணியாளர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது என்று கேட்பேன், அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயலியிலும் இல்லை. யூகலிப்டஸ் மாதிரி சில மரங்களில் எரிந்த தண்டிலிருந்தே பச்சைத் துளிர் கிளம்பும், அதைப் படமெடுக்க அவசரப்படத் தேவையில்லை, மாதக்கணக்கில் இருக்கும். எரிந்த தரையில் புதிதாக முளைக்கும் இளம்புல்லுக்காக மான்கள் சாலையோரம் வந்து நிற்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த வீடுகள் இருக்கும் பக்கம் மட்டும் நான் கேமராவை எடுப்பதாக இல்லை. அந்தச் சாம்பலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம் என்பது ஒரு காரணம். அங்கே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறவர் நிமிர்ந்து பார்க்கும்போது, கையில் லென்ஸோடு நிற்க எனக்குத் தைரியமில்லை என்பது இன்னொன்று.